மருந்து நிறுவனம் ஆய்வுக்குப் பணம் தந்தால் சென்னைக்கு என்ன கிடைக்கும்?

சென்னைப் பதிப்புகளில் ஒரு மாதிரியான செய்தி அடிக்கடி வரும். ஒரு மருந்து நிறுவனம் வட்டார சுகாதார ஆய்வுக்கும் சமூகக் கூட்டு முயற்சிகளுக்கும் இத்தனை கோடி ஒதுக்கியிருக்கிறது, ஒரு மருத்துவமனையோடோ பல்கலைக்கழகத்தோடோ புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்று. ஒப்பந்தக் கோப்புகளை மாற்றிக்கொள்ளும் படமும் கூடவே இருக்கும். வியாசர்பாடியில் மாதாமாதம் சுகர் மாத்திரை வாங்குகிறவருக்கோ, காசிமேட்டில் ஆறு மாதம் காசநோய் மருந்து சாப்பிடுகிறவருக்கோ அதனால் என்ன ஆகும் என்பது மட்டும் அதில் இருக்காது.

அதைத் தெரிந்துகொள்ள, தொகையைப் பார்ப்பதைவிட ஆய்வின் கேள்வியை யார் வைத்தார்கள் என்று பார்ப்பதே நல்ல வழி என்று நான் நினைக்கிறேன். கேள்வி இந்த ஊர்க்காரரின் உடம்பிலிருந்தும் வீட்டு நிலைமையிலிருந்தும் பிறந்திருந்தால், பணம் எங்கிருந்து வந்தாலும் பலன் இங்கே தங்குகிறது. எங்கேயோ முடிவான கேள்விக்கு நாம் ஆள் மட்டும் அனுப்பினால், பலனும் பெரும்பாலும் எங்கேயோதான் போய்ச் சேர்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க சென்னையைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் அதிகம் இல்லை. மருத்துவ ஆய்வில் இந்த ஊருக்கு எழுபது ஆண்டு அனுபவம் இருக்கிறது.

எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்?

மருந்து நிறுவனம் செலவிடும் பணத்தில் பல வகை உண்டு. அறிவிப்பில் எல்லாம் ‘முதலீடு’ என்ற ஒரே பெயரில் வருவதால் குழப்பம் வருகிறது.

அலுவலகம் கட்டி ஆள் எடுப்பது ஒரு வகை. ஃபைசர் நிறுவனம் 2022இல் சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் 150 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு மருந்து உருவாக்க மையம் ஒன்றைத் திறந்தது. அஸ்ட்ராஜெனெகாவும் சென்னையில் பெரிய தொழில்நுட்ப மையம் நடத்துகிறது. நம் ஊர் வேதியியல், மருந்தியல், கணினிப் பட்டதாரிகளுக்கு இவை நல்ல வேலை தருகின்றன. ஆனால் அங்கே நடப்பது உலகச் சந்தைக்கான வேலை. சென்னைக்காரருக்கு என்ன நோய் வருகிறது என்ற ஆய்வு அதில் சேர்ந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உலகக் கணக்கைப் பார்த்து வரும் நிறுவனம் அதே கணக்கைப் பார்த்துப் போகவும் செய்யும். இதே ஃபைசர் 2019 ஜனவரியில், தேவை நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்று சொல்லி ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் இருந்த ஊசிமருந்து ஆலையை மூடுவதாக அறிவித்தது.

அடுத்தது கிளினிக்கல் ட்ரையலுக்கான ஒப்பந்தப் பணம். புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிக்க நிறுவனம் மருத்துவமனைகளைத் தேடுகிறது. ஆய்வுத் திட்டம் பெரும்பாலும் முன்பே எழுதப்பட்டிருக்கும். எத்தனை பேரைச் சேர்ப்பது, என்ன அளவெடுப்பது, எப்போது நிறுத்துவது எல்லாம் அதில் இருக்கும். மருத்துவமனை ஆளைச் சேர்த்துத் தகவலைத் திரட்டித் தருகிறது. சேர்க்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் இவ்வளவு என்று பணம் வரும். இதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். இப்படித்தான் உலகத்தில் பெரும்பாலான மருந்துகள் வருகின்றன. ஆனால் இது ஒரு வணிகச் சேவை என்பதை மறக்கக் கூடாது.

சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புக்கான பணம் வேறு. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அந்தப் பிரிவே சொல்கிறது. கம்பெனியின் வழக்கமான தொழிலை இந்தக் கணக்கில் எழுத முடியாது. அதாவது, தான் விற்கப்போகும் மருந்துக்கான ஆய்வைச் சமூகப் பணி என்று காட்ட முடியாது. கொரோனா காலத்தில் மட்டும், 2020-21 முதல் மூன்று நிதியாண்டுகளுக்கு, அந்த நோய்க்கான தடுப்பூசி, மருந்து ஆய்வுகளுக்கு விலக்கு தந்தார்கள். அதுவும் அரசு பட்டியலிட்ட நிறுவனங்களோடு சேர்ந்து செய்தால்தான். மற்றபடி பொதுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தேசிய ஆய்வுக்கூடங்களுக்கும் நிதி தரலாம். பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கட்டலாம், பரிசோதனை வண்டி வாங்கித் தரலாம்.

இன்னொரு வகையும் உண்டு. ஆய்வு, விழிப்புணர்வு என்ற பெயரில் வந்தாலும் அது விற்பனைச் செலவுதான். மருத்துவர்களுக்குப் பரிசுப் பொருளும் வெளிநாட்டுப் பயணமும் தருவதை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்ட மருந்து விற்பனை நடத்தை விதிகள் தடை செய்கின்றன. அப்படி ஒரு விதி எழுத வேண்டி வந்ததே எல்லைக்கோடு எவ்வளவு மங்கியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

சேத்துப்பட்டில் கேட்ட கேள்வி

1956இல் மெட்ராஸில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து தொடங்கியது அது. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருப்பது அதுதான்.

அப்போது காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. அதுவே சிகிச்சையின் அடிப்படை என்று மேலை நாடுகளில் நம்பினார்கள். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளோ சில ஆயிரம்தான். புது மருந்துகள் வந்துவிட்டன. சரி, அந்த மருந்தை வீட்டிலேயே வைத்துச் சாப்பிட்டால் போதாதா? ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீட்டில், வயிறு நிறையாத நிலையில் அது வேலை செய்யுமா? கூட இருக்கும் குழந்தைகளுக்குத் தொற்றாதா? பணக்கார நாட்டில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள், கேட்கத் தேவையும் இல்லை.

நகரத்தின் ஏழைப் பகுதிகளிலிருந்து வந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில், இன்னொரு பகுதியினர் வீட்டில். இருவருக்கும் அதே மருந்து, ஓராண்டுக்கு: ஐசோநியாசிட், பி.ஏ.எஸ். என்ற இரண்டு. வீட்டில் இருந்தவர்களைத் தேடிச் சுகாதாரப் பணியாளர்கள் போனார்கள். மருந்து ஒழுங்காக உள்ளே போகிறதா என்று மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் எவ்வளவோ மேலாக இருந்தும், குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. குடும்பங்களை அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள்.

உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியாக இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். மருந்தை ஒருவர் முன்னிலையில் விழுங்க வைக்கும் முறை வளர்ந்ததிலும் மெட்ராஸ் அனுபவத்துக்குப் பங்கு உண்டு.

நான் இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மருந்துகளை உருவாக்கியதும் விற்றதும் மருந்துத் தொழில்தான். அவர்கள் இல்லாமல் ஆய்வே இல்லை. ஆனால் நல்ல ஊட்டமும் படுக்கையும் இல்லாமல் இது வேலை செய்யுமா என்று கேட்டது பொதுநல அமைப்புகள். இரண்டு தரப்பும் தேவை. யார் எதைச் செய்கிறார்கள் என்பது தெளிவாக இருந்ததால்தான் கிடைத்த விடையை உலகம் நம்பியது.

சுகர் மாத்திரையின் அளவு

வட்டார ஆய்வு எதற்கு? மருந்து எல்லோருக்கும் ஒன்றுதானே? இந்தச் சந்தேகத்துக்குச் சென்னையிலிருந்தே ஒரு நல்ல பதில் உண்டு.

சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருப்பவர்களுக்கு அது வராமல் தடுக்க முடியுமா என்று அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2002இல் முடிவு வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை 850 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை தந்தார்கள். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு 531 பேரிடம் இதே மாதிரியான ஆய்வைச் செய்து 2006இல் வெளியிட்டது. இங்கே தந்தது 250 மில்லிகிராம், இரண்டு வேளை. அவ்வளவுதான். அந்தச் சின்ன அளவே நோய் வரும் வாய்ப்பை 26.4 சதவீதம் குறைத்தது. மருந்தே இல்லாமல் நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டும் செய்தவர்களுக்கு 28.5 சதவீதம் குறைந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. எதுவும் செய்யாத பிரிவில் மூன்று ஆண்டுக்குள் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. நம் உடம்பில் அந்த நோய் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதற்கு இந்த எண் சாட்சி. அமெரிக்கக் கணக்கை அப்படியே இறக்குமதி செய்திருந்தால் இந்த மூன்று விஷயமும் நமக்குத் தெரிந்திருக்காது.

ராயபுரத்தில் மருத்துவர் எம். விஸ்வநாதன் 1954இல் நீரிழிவுக்கென்று மருத்துவமனை தொடங்கிய காலத்திலிருந்தே இந்த நோய் பற்றிய அறிவு சென்னையில் சேர்ந்துகொண்டிருக்கிறது. 2001இல் மருத்துவர் வி. மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை மாநகராட்சி வார்டுகளில் வீடு வீடாகப் போய் 26,001 பேரைப் பரிசோதித்தது. பெரியவர்களில் 14.3 சதவீதம் பேருக்கு நோய் இருப்பதாக அந்தத் தகவலிலிருந்து கணக்கிட்டார்கள். பின்னால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது: இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில்.

இந்த எண்ணைச் சுகாதாரத் துறையும் பார்க்கிறது, மருந்து நிறுவனத்தின் விற்பனைப் பிரிவும் பார்க்கிறது. முன்னதற்கு அது எச்சரிக்கை, பின்னதற்குச் சந்தையின் அளவு. அதனால்தான் எண்ணிக்கை எடுக்கும் ஆய்வு பொதுப் பணத்தில் நடப்பது நல்லது என்று நினைக்கிறேன். யாரை நோயாளி என்று எண்ணுவது என்ற அளவுகோலில் சின்ன மாற்றம் செய்தாலே கோடிக்கணக்கான பேர் மாத்திரைப் பட்டியலுக்குள் வந்துவிடுவார்கள்.

அதற்காக நிறுவனப் பணத்தை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இன்சுலின் தயாரிக்கும் நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தின் நன்கொடையில் 2002இல் உலக நீரிழிவு அறக்கட்டளை உருவானது. செய்யூர் பக்கம் சூணாம்பேட்டைச் சுற்றிய 42 கிராமங்களில் நடந்த தடுப்புத் திட்டத்துக்கு அந்த அறக்கட்டளைதான் நிதி தந்தது. செயற்கைக்கோள் இணைப்பை இஸ்ரோ தந்தது. கண், கால், ரத்தம் எல்லாம் சோதிக்கும் வண்டி ஊர் ஊராகப் போனது. வண்டி திரும்பிய பிறகு ஜனங்கள் மறுபடி பஸ் ஏறிப் பட்டணம் போக வேண்டாம் என்று அந்த ஊரிலேயே ஒரு நீரிழிவு சிகிச்சை மையமும் அமைத்தார்கள். என் கணக்கில் வண்டியைவிட அந்த மையம்தான் பெரிய விஷயம். முகாம் போட்டு, ‘உங்களுக்குச் சுகர் இருக்கிறது’ என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது எளிது. அப்புறம் அந்த ஆள் மாத்திரைக்கு எங்கே போவார் என்பதுதான் கஷ்டமான பகுதி. இப்போது தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்த் தருகிறது. தனியார் பணத்தில் நடக்கும் எந்தப் பரிசோதனை முகாமும் இந்த வலையோடு இணைந்திருக்கிறதா என்று கேட்கலாம்.

மேசையில் யார் உட்காருகிறார்கள்?

1986இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும்தான் இந்தியாவில் முதன்முதலில் ஹெச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். 1993இல் அவர் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற அமைப்பைத் தொடங்கினார். மற்ற இடங்களில் நோயாளிகளைத் தொடவே தயங்கிய காலம் அது.

ஹெச்.ஐ.வி. ஆய்வுகளில்தான் சமூக ஆலோசனைக் குழு என்ற பழக்கம் வலுவாக வந்தது. நோயோடு வாழ்பவர்கள், பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள், வட்டாரத்தில் வேலை செய்யும் தொண்டு அமைப்பினர் அதில் உட்காருவார்கள். ஒப்புதல் படிவத்தின் தமிழ் புரிகிறதா, மருத்துவமனைக்கு வர எந்த நேரம் சரி, வீட்டுக்கு ஆள் அனுப்பினால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடாதா, தினக்கூலி போனால் அதற்கு என்ன ஏற்பாடு என்பதையெல்லாம் அவர்கள்தான் சொல்வார்கள். எம்.டி. படித்தவருக்கு இவை தோன்றுவதில்லை.

கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருக்கும்போது, அவருக்குச் சீக்கிரமே மருந்து தொடங்கினால் இன்னொருவருக்குப் பரவாதா என்று ஒன்பது நாடுகளில் 1,763 ஜோடிகளிடம் நடந்த ஆய்வில் சென்னையும் ஒரு களம். 2011இல் வந்த முடிவு: பரவுவது 96 சதவீதம் குறைந்தது. உலகம் முழுவதும் சிகிச்சைக் கொள்கையை மாற்றிய விடை அது. இந்த ஆய்வை நடத்தியது அமெரிக்க அரசின் நிதி. மருந்துகளைத் தந்தவை பல மருந்து நிறுவனங்கள். 1956இல் பார்த்த அதே பங்கீடுதான் இங்கும்.

இந்தப் பங்கீடு கோணலானால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் ஒரு பாடம் இருக்கிறது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். தடுப்பூசியை நிறுவனங்கள் இலவசமாகத் தந்தன, ஒரு பன்னாட்டுத் தொண்டு அமைப்பு நடத்தியது. ஆயிரக்கணக்கான படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. இடையில் நேர்ந்த ஏழு மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம் இல்லை என்று விசாரணையில் சொன்னார்கள். அந்தத் தடுப்பூசி நல்லது, பெண் குழந்தைகளுக்குப் போட வேண்டியது. ஆனால் ஏழைப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டதால், நாட்டில் அதன் மேல் வந்த அவநம்பிக்கை தீர வெகுகாலம் ஆயிற்று. சமூகப் பங்கேற்பை அலங்காரமாக வைத்துக்கொண்டால் இதுதான் விலை.

இன்று நடைமுறையில் இருப்பவை 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், கிளினிக்கல் ட்ரையல் விதிகள். ஆய்வு நெறிமுறைப்படி நடக்கிறதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியில் குறைந்தது ஏழு பேர் வேண்டும், அதில் பாதிப் பேர் அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். பெண் உறுப்பினர் ஒருவரும், மருத்துவத் துறைக்கு வெளியிலிருந்து ஒரு சாதாரணக் குடிமகனும் கட்டாயம். ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் ஸ்பான்சர், அதாவது ஆய்வை நடத்த வைக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. ஆய்வு முடிந்த பிறகும் அந்த மருந்து தேவைப்பட்டு, வேறு மாற்று இல்லை என்றால், எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதலோடு இலவசமாகத் தொடர்ந்து தரச் சொல்லவும் வழி இருக்கிறது. நாட்டில் நடக்கும் ஒவ்வொரு ட்ரையலும் சி.டி.ஆர்.ஐ. என்ற இணையப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது 2009 ஜூன் முதல் கட்டாயம். அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். உங்கள் வீட்டில் ஒருவரை ஆய்வில் சேரச் சொன்னால் அங்கே ஸ்பான்சர் பெயரைத் தேடிப் பாருங்கள். தகவல் தாளைத் தமிழில் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போங்கள், அன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. சேர்ந்த பிறகு விலகினாலும் வழக்கமான சிகிச்சையை யாரும் மறுக்க முடியாது.

இலவசமும் விலையும்

மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டத்தை அதன் விலைக் கொள்கையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்கான பெரிய வழக்கு தொடங்கியதும் சென்னையில்தான். ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு நோவார்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் மாத்திரை உயிர் காக்கும் மருந்து. அப்போது அதன் விலை மாதத்துக்குச் சுமார் 1.2 லட்சம் ரூபாய். அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் செய்து விற்ற ஜெனரிக் மாத்திரை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நோவார்டிஸின் விண்ணப்பத்தை நிராகரித்தது. பழைய மருந்தின் புதிய வடிவம், பலன் கூடுதலாக இருந்தால்தான் காப்புரிமை பெறும் என்ற சட்டப்பிரிவு 3(டி) அதற்கு ஒரு காரணம். அந்தப் பிரிவே செல்லாது என்று நோவார்டிஸ் தொடுத்த வழக்கை 2007 ஆகஸ்டில் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை தர மறுத்தது.

இத்தனை ஆண்டும் நோவார்டிஸ் பல ஆயிரம் இந்திய நோயாளிகளுக்கு அதே மாத்திரையை இலவசமாகத் தந்துகொண்டிருந்தது. அது உண்மையான உதவி. பலர் அதனால் உயிரோடு இருந்தார்கள். ஆனால் யாருக்குத் தருவது, எதுவரை தருவது என்பதைத் தருபவரே முடிவு செய்கிறார். ஜெனரிக் விலையில் கிடைக்கும் மருந்தைப் பெற யாருடைய பட்டியலிலும் இடம் பிடிக்க வேண்டாம். உதவித் திட்டத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டே குறைந்த விலைக்காக வாதாடுவதில் முரண்பாடு எதுவும் இல்லை.

விலையை முன்கூட்டியே பேசி முடித்த ஆய்வும் உண்டு. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கான ரோட்டாவாக் தடுப்பூசியை 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள்; வேலூர் சி.எம்.சி.யும் ஒரு களம். தயாரிப்பாளரான பாரத் பயோடெக் ஒரு டோஸை ஒரு டாலருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. இப்போது அது அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. பொதுப் பணமும் ஜனங்களின் பங்களிப்பும் சேரும் எந்த ஆய்விலும் இப்படி ஒரு வரியை முதல் நாளே எழுதி வாங்குவது நியாயம்.

வடநெம்மேலியில் இருளர்கள்

சமூகக் கூட்டு முயற்சி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வணிகம் நின்று, பாம்பு பிடிக்கும் பழங்குடியினரான இருளர்களின் பிழைப்பு போனது. 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து நஞ்செடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்துதான் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்தவர்கள், வயலில் வேலை செய்பவர்கள். ஒரே இனப் பாம்பின் நஞ்சும் ஊருக்கு ஊர் மாறுகிறது. செங்கல்பட்டுச் சுற்றுவட்டார நஞ்சை வைத்துச் செய்த மருந்து ராஜஸ்தானிலோ வடகிழக்கிலோ அதே அளவு வேலை செய்வதில்லை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வட்டார ஆய்வுக்கு இதைவிடத் தெளிவான தேவை வேறு இருக்க முடியாது. ஆனால் இந்த மருந்தை வாங்குவது பெரும்பாலும் அரசு மருத்துவமனைகள், அதுவும் குறைந்த விலைக்கு. லாபம் சிறியது, அதனால் ஆய்வுப் பணமும் மெல்லத்தான் வருகிறது. இருளர்களைப் போல ஒவ்வொரு வட்டாரத்திலும் பாம்பறிந்தவர்களைச் சேர்த்து நஞ்சு மையங்கள் அமைக்க ஒரு நிறுவனம் முன்வந்தால், சமூகக் கூட்டு முயற்சி என்ற சொல்லுக்கு அது உரியதாக இருக்கும்.

யாரும் காப்புரிமை வாங்க முடியாத மருந்து

ஜார்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் தந்து பார்த்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. சேத்துப்பட்டு நிறுவனமும் அதில் பங்கேற்றது. நிதி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தினுடையது. 2,800 நோயாளிகள், அவர்களோடு வீட்டில் வாழும் 10,345 பேர். வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் தந்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளிப் பரிசோதனையில் உறுதியாகும் வகையில் 48 சதவீதம்.

1959இல் மெட்ராஸ் ஆய்வு, சாப்பாடு குறைவாக இருந்தாலும் மருந்து நோயைக் குணமாக்கும் என்றது. வீட்டில் அடுத்தவருக்கு நோய் வராமல் இருக்கச் சாப்பாடு வேண்டும் என்கிறது இந்த ஆய்வு. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. அரிசி பருப்புக்குக் காப்புரிமை கிடையாது. அதனால் எந்த மருந்து நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவும் இந்தக் கேள்வியை வைத்திருக்காது, வைக்கவில்லை என்று அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்களுடைய வேலை மருந்து.

விடை வந்த பிறகு அவர்கள் செய்யக்கூடியது இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய நிக்ஷய் மித்ரா திட்டத்தில் ஒரு கம்பெனி, ஒரு வட்டாரத்தின் காசநோயாளிகளுக்கு மாதாந்திர உணவுப் பொட்டலம் தரும் பொறுப்பை ஏற்கலாம். நோயாளியோடு நிறுத்தாமல் வீட்டில் உள்ளவர்களுக்கும் சேர்த்துத் தர வேண்டும் என்பதுதான் ஜார்கண்ட் முடிவு காட்டுவது. சி.எஸ்.ஆர். சட்டம் இதை அனுமதிக்கிறது, தன் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. ஒரு கம்பெனி எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு செலவிட்டது என்பது அதன் ஆண்டறிக்கையில் இருக்கும். அனுமதி பெற்ற திட்டங்களை அதன் இணையதளத்திலும் போட வேண்டும். அடுத்த முறை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு மருந்து நிறுவனம் வட்டார சுகாதார முதலீடு என்று அறிவித்தால், அந்த அறிக்கையில் பெரும்பாக்கம், கண்ணகி நகர், செம்மஞ்சேரிக் குடியிருப்புகளின் காசநோய்க் குடும்பங்கள் எத்தனைக்கு அரிசி பருப்பு போகிறது என்று தேடிப் பார்க்கலாம். மூன்றும் அந்தச் சாலைக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன.